நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு

ஜூன் 3

திருகாணிக்கு,

நான் உன்னோடு பேசவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி உன்னோடு பேச மாட்டேன் என்று போன வருஷம் வாசலில் நின்று சொன்னேன் அல்லவா, அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சொன்னது வாய், இப்போது எழுதுவது கை. "பேசமாட்டேன்னுதானே சொன்ன, எழுதமாட்டேன்னு சொல்லலையே" என்று உன் அத்தான்தான் வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் ஒன்றை உனக்காகச் செலவழித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். உன் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது. உன்னுடையது என்றுதான் சொல்வேன். நீதான் பழைய விலைக்கு வாங்கி வந்தாய், நீதான் நம் ஷூ பட்டறையில் தோல் வெட்டுகிற மெஷினோடு அதைக் கட்டிப் போட்டாய், புதுசு வாங்கலாம் என்று நீதான் சண்டை போட்டாய். கடைசியில் "இந்தத் தகர டப்பாவையே கட்டிக்கிட்டு அழு"ன்னு சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். கட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அழவும் வைக்கிறது.

பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே காற்றாடி சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பு. தெருக்கோடி கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இது எங்கப்பா காலத்துச் சாமான்மா"ன்னு சிரித்தார். டீ போட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவசரம் எனக்கில்லை, நம் தபால்காரருக்கு. அவர் இடது கால் குட்டை என்பது உனக்குத் தெரியும். ஷூவின் அடியில் எவ்வளவு உயரம் ஏற்றுவது, எந்தப் பக்கம் எவ்வளவு சரிப்பது என்று நீயும் நானும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அவர் இடுப்பு வலி போகிற ஓர் அளவைப் பிடித்தோமே, அது அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. பழைய ஷூவைப் பார்த்து வெட்டலாமே என்பாய். அது தேய்ந்து கோணிவிட்டது. அதைப் பார்த்து வெட்டினால் கோணலைத்தான் வெட்டுவேன். ஜூலை நடுவில் தபால் ஆபீஸ் டாக்டர் வந்து தபால்காரர்கள் எல்லோருடைய நடையையும் பார்ப்பாராம். இப்போது அவர் நொண்டுகிற நொண்டலுக்கு, உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள். "அந்த ரூமுக்கு ஜன்னலே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

நானும் உன்னோடு பேசவில்லை. நீயாகக் கூப்பிடுகிறவரை பேசுவதில்லை என்று நானும் அதே வாசலில்தான் சொன்னேன். ஆளுக்கொரு சபதம், நடுவில் ஒரு தபால்தலை.

ஏதோ சின்ன வயதில் கடிகாரத்துத் திருகாணியை விழுங்கித் தொலைத்தேன். இவ்வளவு கோபத்திலும் அந்தப் பேரை நீ விடவில்லை பார். உறையைப் பார்த்துவிட்டு என் மேனேஜர் என்னை அந்தப் பேரிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இனிமேல் வேலை. முதலில் பிளக்கைப் பிடுங்கு. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்கு. திரையின் பின்னால் வரும் வயரைக் கழற்றித் திரும்பச் செருகு. வெளிச்சம் கூட்டுகிற குமிழைத் திருகிப் பார், தூசு தட்டும்போது குறைத்திருப்பாய். அதிலும் வரவில்லை என்றால் பெட்டியின் மூடியைக் கழற்று. உள்ளே, விரல் நீளத்தில் பச்சைப் பட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கும். மெமரி. ஒவ்வொன்றாக எடுத்து, தங்க நிறத்தில் இருக்கும் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, அதே இடத்தில் 'டக்' என்று உட்காரும்படி அழுத்து. உடனே ஊதாதே. நீ ஊதினால் எச்சில் தெறிக்கும்.

எல்லாம் செய்து ஸ்விட்ச் போடும்போது 'பீப்' என்று சத்தம் வருகிறதா என்று மட்டும் கவனி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதைச் சொல்ல அந்தச் சத்தம்தான் வாய்.

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்றாய். அதனால் நான் நாலாவது மாடியில் இருக்கிறேன், லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன், என் கட்டடத்து லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை என்பதையெல்லாம் எழுதவில்லை.

தம்பி

*

ஜூன் 14

திருகாணிக்கு,

எல்லாம் செய்தேன். ரப்பர் தேய்ந்து பாதியாகிவிட்டது. குமிழைத் திருகித் திருகிக் கையோடு வந்துவிட்டது, அதை ஒட்டிவிட்டேன். ஊதவில்லை. திரை அதே கறுப்பு. பீப்பும் இல்லை, கீப்பும் இல்லை.

உன் கடிதம் மத்தியானம்தான் வந்தது. முன்பெல்லாம் காலை டீ ஆறுவதற்குள் தபால் வந்துவிடும். இப்போது அவர் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு "தம்பியா?"ன்னு கேட்டார். "கம்ப்யூட்டர் விஷயமா"ன்னு சொன்னேன். "சரிம்மா, கம்ப்யூட்டர் விஷயம்தான்"னு சிரித்துக்கொண்டே போனார். ஊர் முழுக்க நம் சண்டை தெரியும் போலிருக்கிறது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். நீ போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. வேலை கிடைத்ததை அத்தானிடம் சொல்லியிருக்கிறாய், தபால்காரரிடம் சொல்லியிருக்கிறாய், எனக்குக் கடைசியில், பெட்டி கட்டிய பிறகு சொன்னாய். அதற்குத்தான். கம்ப்யூட்டர் புதுசா பழசா என்பதெல்லாம் சும்மா.

உன் கட்டடத்து லிஃப்டை நீயே பார்க்கக் கூடாதா? நாலு மாடி ஏறி இறங்கினால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். நீ "போகாதே"ன்னு சொல்லியிருக்க மாட்டாய். "சரி, போ"ன்னு சொல்லிவிட்டு என் ஷூவை எடுத்து வைத்துப் பாலீஷ் போட ஆரம்பித்திருப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது? அதனால்தான் கடைசியில் சொன்னேன். பட்டறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே வருகிற எல்லோருக்கும் நீ 'அம்மா', நான் 'அம்மாவோட தம்பி'. யாரும் தம்பி என்று கூப்பிடாத ஓர் ஊரில் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது சில நாள் சாயங்காலம் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

இனி கெட்ட செய்தி. மெமரியைத் துடைத்தும் பீப் வரவில்லை என்றால், எல்லாம் செருகியிருக்கும் அந்தப் பெரிய போர்டே போய்விட்டது என்று அர்த்தம். உயிர் இருந்தால் நல்லதோ கெட்டதோ ஏதாவது ஒரு சத்தம் போட்டே தீரும். ஒன்றுமே இல்லை என்றால் கை விரிக்க வேண்டியதுதான். அதே மாதிரி போர்டுக்கு இங்கே பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். எடைக்கு உடைத்து விற்றுவிட்டார்களாம்.

இனி ஒரே வழி, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்சலில் அனுப்புவது. அதற்கும் வயதாகிவிட்டது. வழியில் யாராவது தூக்கிப் போட்டால் தபால்காரரின் அளவு மட்டுமில்லை, எல்லோருடைய கால் அளவும் போய்விடும். நான் அப்போதே நகல் எடுத்து வைக்கலாம் என்றேன், நீ "பெட்டிக்குள்ள பத்திரமாத்தானே இருக்கு"ன்னு சொன்னாய். சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

அனுப்புவதா வேண்டாமா என்று நீயே யோசித்து எழுது. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கடைசியாக எப்போது பீப் சொன்னது என்றும் எழுது. திடீரென்று நின்றதா, தேய்ந்து தேய்ந்து நின்றதா என்று தெரிந்தால் நல்லது.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் உன் பழைய ஷூவுக்குப் பாலீஷ் போட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

பார்சலுக்கு மனசு வரவில்லை. ஆனால் தபால்காரர் நேற்று நம் வாசல் படியில் ஏற முடியாமல் கீழே நின்றபடியே கடிதத்தை நீட்டினார். நாளைக்குள் முடிவு செய்கிறேன்.

பீப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பீப் சொல்லி எத்தனையோ மாதமாகிறதே! நீ போய்க் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டது. அதன் பிறகு சத்தமே போடாமல்தான் தினமும் கிளம்பும், வேலை செய்யும். நீ இல்லாத வருத்தத்தில் அதுவும் வாயை மூடிக்கொண்டது என்று நினைத்தேன். இதைப் போய் உனக்கு எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். எழுதினால் "என் அக்காவைப் பாரு, கம்ப்யூட்டருக்குத் துக்கம்னு நினைக்கறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

அக்கா

*

ஜூன் 29

அக்கா! அக்கா! அக்கா!

எதையும் கழற்றாதே! எதையும் அனுப்பாதே!

பீப் இல்லாமலே மாதக்கணக்கில் நன்றாக ஓடியிருக்கிறது என்றால், பீப் இல்லாததற்கும் இப்போதைய கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. போர்டு சாகவில்லை. ஒரு மாதமாக அது எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும், நமக்குத்தான் கேட்கவில்லை! இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா? உன்னை என்ன செய்தால் தகும்!

மூடியைக் கழற்று. முன்பக்கத்து உள்சுவரில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு வயர் வந்து போர்டில் செருகியிருக்க வேண்டும். கழன்றிருக்கும். 'ஸ்பீக்கர்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில் செருகிவிட்டு ஸ்விட்சைப் போடு. என்ன சத்தம், எத்தனை தடவை, எது நீளம், எது குட்டை என்று கேட்டு எழுது. ஓடு!

தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

அந்த வயர் தானாகக் கழலவில்லை. கழற்றி, வளைத்து, மெழுகு நூலால் கட்டி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. அந்த முடிச்சை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். ஷூவுக்குத் தையல் முடிக்கும்போது உன் அத்தான் போடுகிற முடிச்சு.

கல்லுளிமங்கனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏங்க, இதைப் பிடுங்கினது நீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "காலையில அது பீப்புன்னு கத்தும். உடனே நீ திரும்பி அவன் நாற்காலியைப் பார்ப்ப. தினமும் பார்ப்ப. எனக்குத் தாங்கல. பிடுங்கிட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், டீ வேணுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வயரைச் செருகிவிட்டோம். ஸ்விட்சைப் போட்டதும் கத்தியது! இத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் என்னவென்றால், பீ பீஈஈ பீ. இல்லை, பீ பீ பீஈஈஈ. அத்தான் நாலும் ஒரே நீளம் என்கிறார். மூன்றுதான் என்கிறேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது, அதற்குள் நாங்கள் சண்டை போட ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு எல்லாமே ஒன்று போலத்தான் கேட்கிறது. திரை இன்னும் கறுப்புதான்.

டாக்டர் வருவது பதினேழாம் தேதி. ஷூ வெட்டித் தைக்க எனக்கு மூன்று முழு நாளாவது வேண்டும்.

அக்கா

*

ஜூலை 6

அக்கா,

அத்தானிடம் சொல், நான் ஊருக்கு வந்தால் முதலில் அவர் காலில் விழுந்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கியதற்குச் சண்டை போடுவேன் என்று.

நீளம் முதலிலா கடைசியிலா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். நீங்கள் இருவரும் பீ பீ என்று எழுதி நான் கண்டுபிடிப்பதற்குள் டாக்டர் வந்து போய்விடுவார்.

இது விரைவுத் தபாலில் வருகிறது, நாளைக்கே கிடைத்துவிடும். நாளை மறுநாள், சனிக்கிழமை, பதினொரு மணிக்கு உறைமேல் எழுதியிருக்கும் என் அலுவலக எண்ணுக்குப் போன் போடு. பயப்படாதே, பேச வேண்டாம். உன் சபதமும் இருக்கட்டும், என் சபதமும் இருக்கட்டும். போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போடு, போதும். கூப்பிடுவது நீ இல்லை, கம்ப்யூட்டர். நான் 'ஹலோ'கூடச் சொல்ல மாட்டேன்.

தம்பி

*

ஜூலை 8, சனிக்கிழமை

அக்கா,

இதையும் எழுதி உடனே விரைவுத் தபாலில் சேர்க்கிறேன். நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு. தெள்ளத் தெளிவாகக் கேட்டது. டிஸ்ப்ளே கார்டு! திரையின் வயர் பின்னால் எந்த அட்டையில் செருகியிருக்கிறதோ, அதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு திருகாணியைக் கழற்றினால் அட்டை மேலே வந்துவிடும். தங்க ஓரத்தை மிச்சமிருக்கும் ரப்பரால் துடை. திரும்ப வைக்கும்போது இரண்டு கையாலும் அழுத்து. அது சாகவில்லை, ஆடி ஆடி மேலே எழும்பியிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் எழும்பியது என்றும் போனிலேயே தெரிந்துவிட்டது. பீப் முடிந்த பிறகு நீ போனை வைக்க மறந்துவிட்டாய். மேஜை மேலேயே போட்டுவிட்டாய் போல. நான் காதிலிருந்து எடுக்கவில்லை. அத்தான் தும்மினார். நீ "வயர் எல்லாம் நடைபாதையில கிடக்கு, மிதிக்காதீங்க"ன்னு சத்தம் போட்டாய். அப்புறம் சுத்தியல் சத்தம். நீ ஷூவின் குதிகாலில் ஆணி அடிக்கிற அந்த மூன்று அடியும் ஒரு நிறுத்தமும். அக்கா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மேனேஜர் வந்து நிற்கிறவரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. லிஃப்ட் கம்பிக்குப் போடுகிற எண்ணெய் தெறித்துவிட்டது என்று அவரிடம் புளுகினேன்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் போன் அதிர்ந்தது, கம்ப்யூட்டர் மேலே ஏதோ டப்பா கலகலத்தது. உன் ஆணி அடிக்கிற பெஞ்ச் ஜன்னல் ஓரத்தில் அல்லவா இருந்தது? அதை ஏன் கம்ப்யூட்டரோடு ஒட்டிப் போட்டாய்? இத்தனை மாதம் அந்த அதிர்வில்தான் கார்டு கழன்றிருக்கிறது. அது என் நாற்காலி இருந்த இடமாயிற்றே.

தம்பி

*

ஜூலை 18

தம்பி,

வந்துவிட்டது! திரை பளிச்சென்று வந்துவிட்டது. வயிற்றில் பாலை வார்த்தாய், ராசா. நான் போட்ட கூச்சலில் அத்தான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார். எல்லோருடைய கால் அளவும் அப்படியே இருக்கிறது. தபால்காரரின் ஷூவை வெட்டி, தைத்து, பதினைந்தாம் தேதி சாயங்காலம் போட்டுவிட்டேன். அவர் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். திரும்பவும் ஒரு தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை வேண்டுமென்றே நடக்கிறார் என்று புரிந்தது. நேற்று டாக்டர் இவரை வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க விட்டுப் பார்த்துவிட்டு, "உங்களை எதுக்குய்யா என்கிட்ட அனுப்பினாங்க?"ன்னு கேட்டாராம். இன்று காலை டீ ஆறுவதற்குள் தபால் வந்தது. இந்தக் கடிதத்தையும் கையோடு வாங்கிப் போக வாசலில், படி ஏறி, நிற்கிறார்.

பெஞ்சை ஏன் அங்கே போட்டேன் என்று கேட்டிருக்கிறாய். உன் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்துக்குப் பெஞ்சை இழுத்துவிட்டேன். காரணம் இவ்வளவுதான். அத்தான் வயரைப் பிடுங்கினார், நான் பெஞ்சை இழுத்தேன், பாவம், நடுவில் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டது.

பெஞ்ச் திரும்ப ஜன்னலோரம் போய்விட்டது. நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டிருக்கிறேன். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், உன் வேலை உனக்கு. லீவு கிடைக்கும்போது வந்து உட்கார்ந்து எல்லா அளவையும் நகல் எடுத்து வை. "பத்திரமாத்தானே இருக்கு"ன்னு இனிமேல் சொல்ல மாட்டேன். உன் ஷூவும் பளபளவென்று இருக்கிறது.

இன்னொன்று. போனை வைக்க மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் எதையும் மறக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு உன் அலுவலகத்தில் போன் அடிக்கும். கம்ப்யூட்டர்தான் என்று நினைத்து ஊமையாக நிற்காதே. ஹலோ சொல்லு.

உன் அக்கா